டாக்டரின் நாற்பத்திரண்டு நோயாளிகள்

தன்னிடம் வந்த நோயாளிகளில் ஒருவரைக்கூடச் சாகக் கொடுக்காத டாக்டர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் தட்டாஞ்சாவடியில், எங்கள் கம்பெனியின் இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். படித்தது பி.எஸ்சி. கணிதம். பார்த்த வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங்.

நாங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுக்கிறவர்கள். நூற்றுச் சொச்சம் பேர். இந்த அளவுக் கம்பெனியில் ஒரு விசேஷம் உண்டு. சின்னக் கம்பெனியாக இருந்தால் முதலாளிக்கு நம் பெயர் தெரியும். பெரிய கம்பெனியாக இருந்தால் நம் முகமே தெரியாது. எங்களுடையதில் முகம் தெரியும், பெயர் தெரியாது. லிஃப்டில் எம்.டி. நம்மைப் பார்த்துச் சிரித்தபடியே, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் படிக்க முயல்வார். டாக்டர் இதற்கு நேரெதிர். உலகத்தில் இல்லாத ஆட்களின் பெயர்கூட அவருக்குத் தெரியும்.

சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கப் பொய் நோயாளிகள் வேண்டும். நாங்களெல்லாம் 'டெஸ்ட் ஒன்று', 'டெஸ்ட் இரண்டு' என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். டாக்டருக்கு அது ஆகாது. ஒவ்வொருவருக்கும் பெயர், தெரு, வியாதி, குணம் எல்லாம் கொடுப்பார். அப்படி நாற்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா கபிரியேலுக்குக் காது கேட்காது. குருசுக்குப்பம் அஞ்சாபுலிக்குக் காலில் ஆணி. சொன்ன தேதிக்கு அவர் வந்ததே கிடையாது.

"அஞ்சாபுலி அப்பாயின்ட்மென்ட கேன்சல் பண்ணிட்டேன் தம்பி. காத்து நல்லா இருக்குது, கடலுக்குப் போயிட்டாரு" என்பார், முகத்தில் துளி சிரிப்பில்லாமல்.

பட்டியலில் முதல் ஆள் உப்பளம் லூர்துமேரி. எழுபது தாண்டியவர். சர்க்கரை, இடது கண்ணில் புரை. லூர்து மாதா திருநாளன்று பிறந்தவர் என்பதால் அன்று டாக்டர் தன் செலவில் கேக் வாங்கி வருவார். புதிதாகச் சேர்ந்த ஹெச்.ஆர். பெண் ஒருமுறை அந்தக் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, லூர்துமேரிக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்று கம்பெனி முழுவதற்கும் மெயில் போட்டுவிட்டாள். முதல் ஆளாகப் பதில் வாழ்த்து அனுப்பியவர் எம்.டி.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது சாஃப்ட்வேரில் மரணப் பதிவு என்று ஒரு புதுப் பகுதி வந்தது. எங்கள் மேனேஜர் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் இது போயே ஆவணும். டாக்டரால லேட் ஆச்சுன்னா அவர் இடத்துக்கு ஒரு டூல் வாங்கிடுவேன். நிமிஷத்துக்கு ஆயிரம் பேஷன்ட் போடுமாம்."

மரணப் பதிவைச் சோதிக்க யாராவது சாக வேண்டும். டாக்டர் மறுத்துவிட்டார். "புதுசா ஒருத்தரப் போட்டு முடிச்சிடுங்க டாக்டர்" என்றேன்.

"சாவடிக்கிறதுக்குன்னே ஒருத்தன பொறக்க வெக்கிறதா? என்னா தம்பி பேசற?"

ஆனாலும் எனக்காக முயன்று பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலை, நாற்பத்திரண்டாவதாக, ராயப்பன் என்று ஒருவரை உருவாக்கினார். மதியச் சாப்பாட்டுக்குள் ராயப்பனின் இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "அது முடியட்டும்" என்றார் டாக்டர்.

வெள்ளி மதியம் வரை யாரும் சாகவில்லை. டாக்டரின் சொந்த மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். இந்த மனுஷனின் வேலை போனால் அவள் ஃபீஸ் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பட்டியலில் முதலில் இருந்த லூர்துமேரியைத் திறந்து, 'காலமானார்' என்று பதிந்துவிட்டேன். எல்லாம் சரியாக வேலை செய்தது.

டாக்டர் டீயோடு வந்து திரையைப் பார்த்தார். திட்டவில்லை.

"சரி, திருப்பி எடு."

"முடியாது டாக்டர். ஒருவாட்டி போட்டா போட்டதுதான். அப்படித்தான் செஞ்சிருக்கோம்."

டீயைக் கீழே வைத்தார். "இந்த ஊர்ல எத்தன லூர்துமேரி இருக்காங்க தெரியுமா? எங்க தெருவுலயே மூணு பேரு. ஆஸ்பத்திரில உக்காந்திருக்கிற பொண்ணு அவசரத்துல வேற லூர்துமேரி மேல பதிஞ்சிட்டா? உசுரோட இருக்கிறவ மாத்திரைக்கு வந்து நிப்பா. நீ செத்துட்டன்னு கம்ப்யூட்டர் சொல்லும். அவ எங்க போவா?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "இத இப்ப தப்புன்னு ரிப்போர்ட் எழுதினீங்கன்னா எல்லாம் நின்னுடும் டாக்டர். உங்க வேல போயிடும்" என்றேன்.

"அது வேற கத தம்பி" என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, இரண்டே விரலால் தட்ட ஆரம்பித்தார்.

எல்லாம் நின்றது. இரண்டு நாள் உட்கார்ந்து, தவறாகப் பதிந்த மரணத்தைத் திருத்த வழி செய்தோம். வெள்ளிக்கிழமை இறந்த லூர்துமேரி ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுந்தார். சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஆபீஸுக்கு வந்த டாக்டர், திரையைப் பார்த்துத் தலையசைத்தார். "நாள் தப்பாம வந்திருக்கா" என்றார்.

திங்கட்கிழமை மேடம் டூலை வாங்கிவிட்டார். டாக்டருக்காகச் சண்டை போட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு மெயில் போட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பதில்கூட வரவில்லை. கடைசி நாளில் டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "என் ஆளுங்கள மட்டும் அழிச்சிடாத."

டூல் போடும் ஆயிரம் பேரும் சாயங்காலம் அழிந்துபோகிறார்கள். நாற்பத்திரண்டு பேரை நான் அழிக்கவில்லை. லூர்து மாதா திருநாளன்று இப்போது நான்தான் கேக் வாங்குகிறேன். எம்.டி. தவறாமல் வாழ்த்துகிறார். அன்று டாக்டருக்கும் போன் போடுவேன். ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்.

"கெழவி எப்பிடி இருக்கா?"

"எழுபத்தஞ்சு ஆயிடுச்சு டாக்டர். சக்கரை கட்டுக்குள்ள இருக்கு."

"கேக்கு ரொம்ப குடுத்துடாத."

அவரிடம் நான் இன்னும் சொல்லாதது ஒன்று உண்டு. பட்டியலில் நாற்பத்து மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்திருக்கிறேன். பெயர் டாக்டர். விலாசம், இரண்டாவது மாடி, ஜன்னலோரம். வியாதி எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அவரை வைத்து நான் எதையும் சோதிப்பதில்லை.