மூன்றடுக்கு மருத மாளிகை, புதுப்பிக்க ஏற்றது

ஒரு காட்டில் ஒரு நகரம் இருந்தது. காட்டுக்குள் நகரம் எப்படி வந்தது என்று கேட்டால், அது எங்கேதான் வராமல் விட்டது என்று திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

அந்த நகரத்தின் விளிம்பில், ஆற்றங்கரையில் வளை தோண்டிக் குற்றாலிங்கம் என்ற அழுங்கு வாழ்ந்துவந்தார். எறும்புதின்னி என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அவருக்குச் சட்டென்று கோபம் வரும். “தின்கிறதை வெச்சா ஆளைக் கூப்பிடுறது? மனுசனை யாராச்சும் இட்லிதின்னின்னு சொல்றானா?” என்பார்.

பழைமை போற்றும் மன்றத்தின் நட்சத்திரப் பேச்சாளர் அவர். பட்டுப்போன மரம் ஒன்றைக் கண்டால் போதும், கண்ணீர் மல்கப் பேசுவார். “முன்னோர் வாழ்ந்த வீடுகளை இடிக்க விடலாமா?” என்று அவர் கேட்டால் முயல்கூட எழுந்து நின்று “விடக் கூடாது!” என்று கத்தும். ஒருநாள் கூட்டம் முடிந்ததும் ஒரு கீரி அருகில் வந்து, “அண்ணாச்சிக்கு எந்தப் பழைய வீடு?” என்று கேட்டுவிட்டது. குற்றாலிங்கம் நின்ற இடத்திலேயே பந்தாகச் சுருண்டுகொண்டார். பதில் இல்லாத கேள்விக்கு அவர் குலத்தில் அதுதான் பதில்.

அவர் மனைவி சங்கரவடிவு அப்போது பிள்ளையுண்டாகியிருந்தாள். மழை வந்தால் வளைக்குள் தண்ணீர் ஏறும். குட்டி பிறப்பதற்குள் மேட்டில் ஓர் இடம் பாருங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கீரியின் கேள்வி உறுத்த, மனைவியின் பேச்சு துரத்த, சந்தைப் புளியமரத்தில் அந்த விளம்பரம் அவர் கண்ணில் பட்டது.

‘விற்பனைக்கு. நகரின் மையத்தில், வரலாற்றுச் சிறப்புமிக்க மூன்றடுக்கு மருத மாளிகை. ஆந்தை ஜமீன் பரம்பரையாக வாழ்ந்தது. நல்ல காற்றோட்டம். புதுப்பிக்க ஏற்றது. தொடர்புக்கு: தரகர் ஆபத்துக்காத்தான்.’

ஆபத்துக்காத்தான் ஒரு மரங்கொத்தி. கொண்டையைச் சீவிக்கொண்டு வந்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். நகர நடுவில் நின்ற மிகப் பழைய மருதமரம் அது. அடிமரம் முழுக்கப் பொந்து. கீழே கூடம், நடுவில் ஒரு தளம், உச்சியில் மாடம்.

“சுவர் சாய்ஞ்சிருக்கே?” என்றாள் வடிவு.

“ஜமீன்தாருக்குச் சுவரெல்லாம் குனிஞ்சு கும்பிட்ட காலம்மா அது. பழக்கம் இன்னும் விடலை.”

“மேல ஓட்டை தெரியுதே?”

“படுத்துக்கிட்டே நட்சத்திரம் பாக்கலாம். புது வீட்ல கேட்டாலும் வெச்சுத் தர மாட்டான்.”

“இந்தப் படி ஆடுது.”

“ஊஞ்சல் தனியா போட வேண்டாம் பாருங்க.”

வடிவு மூக்கைச் சுவரில் வைத்து முகர்ந்தாள். பிறகு கணவர் காதோரம், “என்னங்க, கரையான் வாசம் அடிக்குது. சுவரு பூராவும்” என்றாள்.

குற்றாலிங்கத்தின் நாக்கு தானாக வெளியே வந்து தரையைத் தொட்டது. தரகர் பார்ப்பதற்குள் அதை அவசரமாகச் சுருட்டி வாய்க்குள் போட்டுக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். “கரையான் இருக்கும்போல இருக்கே?” என்றார்.

ஆபத்துக்காத்தானின் கொண்டை படுத்துவிட்டது. “அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா? எந்தப் பழைய வீட்ல இல்ல?” என்று இழுத்தார். அதன்பின் பேரம் வெண்ணெயாக இளகியது. ஆற்றங்கரை வளையைக் கொடுத்துவிட்டு மாளிகையை எடுத்துக்கொள்வது என்று முடிந்தது.

திரும்பும் வழியெல்லாம் குற்றாலிங்கத்துக்குக் கால் தரையில் படவில்லை. “வீட்டை வித்தா சமையலறை மட்டும்தான் குடுப்பான். இவன் முட்டாள், வீட்டையே சமைச்சு வெச்சுக் குடுத்திருக்கான். ஏமாத்த வந்தவனை ஏமாத்திட்டேன் வடிவு!”

“ஏமாந்தவங்க எல்லாரும் மொத நாள் இப்படித்தான் சொல்வாங்க” என்றாள் வடிவு.

குடிபோனதும் கூரை ஓட்டையை அடைக்கலாம் என்று பார்த்தால், அதற்குப் பாரம்பரியக் குழுவின் அனுமதி வேண்டுமாம். குற்றாலிங்கம் வரிசையில் நின்று நின்று ஒருவழியாக அதிகாரி ஆமையிடம் போய்ச் சேர்ந்தார்.

“பழைய வீட்டில் ஓட்டையும் பாரம்பரியம்தான். அடைக்கக் கூடாது” என்றது ஆமை.

“மழை பெஞ்சா?”

“மழையும் பழையதுதான்.”

“யாரு சார் இப்படியொரு சட்டம் போட்டது?”

“உங்க மன்றம் போராடித்தானே வந்தது? மேடையில நின்னு கோரிக்கையை வாசிச்சதே நீங்கதானே?”

குற்றாலிங்கம் அங்கேயே சுருண்டுகொண்டார். பின்னால் நின்றவர்கள் அவரை ஓரமாக உருட்டிவிட்டு வரிசையில் முன்னேறினார்கள்.

புதுப்பிக்கத்தான் முடியாது, சாப்பிடலாமே என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். சுவருக்குள் நாக்கை விட்டால் விருந்து. கீழ்க்கூடம் முடிந்து நடுத்தளத்துக்கு வந்தபோது, விரிசலிலிருந்து ஒரு கொத்தனார்க் கரையான் தலை நீட்டியது.

“முதலாளி, அரிக்கிறது நாங்கதான், இல்லைங்கலை. ஆனா உள்ள மரம்னு ஒண்ணும் மிச்சமில்ல. இப்ப நிக்கிறதெல்லாம் நாங்க பூசின மண்ணு. நாளும் பூசினாத்தான் நிக்கும். எங்களைத் தின்னா வீட்டைத் தாங்க ஆளில்ல.”

சாப்பாடு பேச ஆரம்பித்தால் இப்படித்தான் பேசும் என்று நினைத்துக்கொண்டு குற்றாலிங்கம் நாக்கை நீட்டினார். கொத்தனார் பேச்சு அத்தோடு முடிந்தது.

“அது சொன்னதுல நெசம் இருக்குங்க” என்றாள் வடிவு. “சுவரைத் தட்டிப் பாருங்க.”

தட்டினார். பானையைத் தட்டியதுபோல் ‘டங்’ என்றது. “நாளையிலேர்ந்து நிறுத்திடறேன்” என்றார். மறுநாளும் அதையே சொன்னார். வடிவு தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே பாறையடிக்குப் போய்விட்டாள்.

தள்ளிக்கொண்டே போன பால் காய்ச்சும் நாளும் வந்தது. மன்றத்தார் எல்லோரும் வாசலில் கூடினார்கள், கீரி முன்வரிசையில். குற்றாலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். “எத்தனை புயல் பார்த்த வீடு இது! இதை அசைக்க எவனால் முடியும்?” என்று முழங்கி, வாசற்சுவரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

முதலில் மாடம் இறங்கி நடுத்தளத்தில் உட்கார்ந்தது. அப்புறம் இரண்டும் சேர்ந்து கூடத்தில் உட்கார்ந்தன. கூட்டம் திசைக்கொன்றாகச் சிதறியது. புழுதி அடங்கியபோது மாளிகை இருந்த இடத்தில் ஒரு மண்மேடு இருந்தது. செதில் பந்து ஒன்று தெருக்கோடி வரை உருண்டு போய் நின்றது.

வடிவு மூச்சிரைக்க ஓடி வந்தாள். “என்னங்க, உசுரோட இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றது பந்து. “வெளிய வர மொகம்தான் இல்ல.”

வடிவு அழப் போனாள், சிரிப்பு வந்துவிட்டது. பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பந்து மெல்ல விரிந்தது. “தலைக்குள்ள இருக்க வேண்டியதெல்லாம் எனக்கு முதுகுல செதிலா முளைச்சிட்டுது வடிவு” என்று அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. இருந்த வளையும் போயிற்று, வாங்கிய வீடும் போயிற்று.

அப்போது ஆபத்துக்காத்தான் பறந்து வந்து இறங்கினார், கூடவே பாரம்பரியக் குழு ஆமையும். குற்றாலிங்கம் மறுபடி சுருளத் தயாரானார்.

“இடித்தால் குற்றம். இது தானாக விழுந்தது. விழுந்த வீட்டுக்குச் சட்டம் கிடையாது” என்றது ஆமை.

தரகர் குற்றாலிங்கத்தின் முன்காலைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, இந்த மனைக்குக் கரடிகள் தவமா தவமிருக்கு. பழைய வீடு நிக்கிறவரை ஒருத்தரும் தொட முடியலை. மேட்டுல காஞ்ச குகை ஒண்ணு தர்றேன், மனையை எனக்குத் தாங்க. அப்புறம்...” குரலைத் தாழ்த்தினார். “ஊருக்குள்ள இதுபோல நிறைய வீடு இருக்கு. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். விருந்தாளியா வந்து தங்கினாப் போதும்.”

“என்னைப் பார்த்தா கேட்டீர்? பழைமைக்காக வாழ்பவன் நான்!” என்று கொதித்துச் சுருண்டார் குற்றாலிங்கம். முதல் தூறல் செதிலில் விழுந்தது. வடிவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பந்துக்குள்ளிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. “அந்த வீடுகள்ல... கரையான் நல்லா இருக்குமா?”

குட்டி காய்ந்த குகையில் நலமாகப் பிறந்தது. குற்றாலிங்கம் இப்போது நகரின் பாரம்பரிய இல்லங்களுக்குச் சிறப்பு விருந்தினர். மன்றத்திலும் விடாமல் பேசுகிறார். முன்னைவிட உருக்கமாகப் பேசுகிறார் என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டையும் உள்ளே போய்ப் பார்த்தவர் அல்லவா?

“வெக்கமா இல்லையா உங்களுக்கு?” என்று வடிவு ஒருநாள் கேட்டாள்.

“இருக்கு வடிவு. பழைய வீடுன்னா எனக்கு உசுருன்னு மேடையில சொன்னேனே, அது பொய்யில்ல. இவ்வளவு பிடிக்கும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது” என்று அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

நீதி: பழைமையைக் காக்க வருபவருக்கு, வீட்டைக் காட்டும் முன் வயிறாரச் சாப்பாடு போட்டுவிடுங்கள்.