நாற்பத்தேழாம் லாட்டின் முதல் வரி

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் தாயி. ஒருத்தன் இதுல தப்பா ஒண்ணு எழுதிப்புட்டான்னு வையி. அழிக்க முடியுமா?"

ஆபீஸ் கணக்குப் பார்க்கும் வித்யா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முடியாதுண்ணே."

"லேசான தப்புதான்."

"லேசோ கனமோ, ஏறுனது ஏறுனதுதான். அதுக்குப் பேருதான் பிளாக்செயின். ஒரே நோட்டு ஆயிரம் பேருகிட்ட இருக்க மாதிரி. உங்க நோட்டுல நீங்க ஒரு பக்கத்தைக் கிழிச்சாலும் மத்தவங்க நோட்டுல அப்படியே இருக்கும். பட்டா, மார்க் சீட்டு, மருந்துப் பெட்டி எல்லாத்துக்கும் இதுதான் வரப்போகுதுன்னு மதுரையில இருந்து வந்த சார் சொன்னாரே. நீங்க அன்னைக்குத் தூங்கிட்டீங்க."

"தப்புன்னு தெரிஞ்சா அப்ப என்னதான் செய்யிறது?"

"கீழ இன்னொரு வரி எழுதலாம். யாருண்ணே, என்ன எழுதுனா?"

"யாரும் எழுதல. சும்மா ஒரு பேச்சுக்கு" என்று சொல்லிவிட்டு, கண்ணுச்சாமி டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குடோனுக்குள் போனார்.

போடியில் ஏலக்காய் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் அந்தக் கம்பெனியில் அவருக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். காயை உள்ளங்கையில் கொட்டி, நிறமும் அளவும் பார்த்துத் தரம் சொல்வது அவர் சோலி. போன மாதம் வரை வாயால் சொன்னார். இப்போது டேப்லெட்டில் எழுத வேண்டும். எழுதியதெல்லாம் டப்பாவில் ஒட்டும் க்யூஆர் கோடுக்குள் போய்விடும். துபாயில் பாயசம் வைக்கிற அம்மாள் போனைக் காட்டினால் போதும். எந்த மலை, யார் தோட்டம், தரம் பார்த்தவர் என்ன சொன்னார், எல்லாம் வந்து நிற்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், அவருடைய அண்ணன் ஜக்கையன் மலையிலிருந்து பழைய ஜீப்பில் நாலு மூட்டை காய் கொண்டுவந்திருந்தார். கம்பெனிக் கணக்கில் அது நாற்பத்தேழாம் லாட். அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்து, போன மாதம்தான் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதுவும் கண்ணுச்சாமி மகள் சுசித்ராவின் கல்யாணத்தை முன்னிட்டு. "பெரியப்பா வந்து நிக்காம நான் மணவறையில உக்கார மாட்டேன்" என்று அந்தப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். அண்ணனோ வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சமாதானத்துக்கு அடையாளமாகக் காயை மட்டும் இந்தக் கம்பெனிக்குத் திருப்பியிருந்தார்.

இறக்கிவைத்த மனுஷன் பேசாமல் போயிருக்கலாம். லோடுமேன்கள் எதிரில், "நல்லாப் பாத்துத் தரம் போடுடா. நம்ம வீட்டுக் காய்னா மட்டும் உனக்குக் கண்ணு தெரியாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணுச்சாமிக்குச் சுருக்கென்றது. டேப்லெட்டை எடுத்தார். நிறம், அளவு எதையும் நிரப்பவில்லை. குறிப்பு என்று இருந்த இடத்தில், 'ஜக்கையன் காய் என்றாலே சாயம்தான். நம்பி வாங்காதீர்கள்' என்று எழுதி, ஆத்திரத்தோடு ஆத்திரமாகப் பொத்தானையும் அமுக்கிவிட்டார்.

கோபம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தால், வரி குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருந்தது. பக்கத்தில் குட்டியாக ஒரு கடிகாரப் படம் வேறு. எழுதின நேரத்தைக்கூடக் குறித்து வைத்துக்கொண்டதே இந்தச் சனியன் என்றுதான் வித்யாவிடம் போய் அப்படி விசாரித்தார்.

ஏனென்றால் சாயம் என்பது அந்தக் குடும்பத்தில் சாதாரணப் பேச்சல்ல. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஜக்கையன் காய்க்குப் பச்சைச் சாயம் போடுகிறார் என்று எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பி, அந்த வருடம் முழுக்க ஏலத்தில் ஒருவரும் அவர் காயைத் தொடவில்லை. ஆசையாக வாங்கிய புது ஜீப்பை அவர் விற்றார். 'என் அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்லை' என்று கூடப்பிறந்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவருக்கு ஆறாத புண். தம்பி ஏன் சொல்லவில்லை என்பது தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

வித்யா சொன்னபடி அடுத்த வரியை எழுதினார். இந்த முறை நிறம், அளவு எல்லாம் ஒழுங்காகப் போட்டு, 'ஜக்கையன் காயில் சாயம் கிடையாது.' பக்கத்தில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் மதுரை வியாபாரி சிக்கந்தர் போன் செய்தார்.

"கண்ணுச்சாமிண்ணே, நாப்பத்தேழாம் லாட்டை எடுக்கலாம்னு பாக்குறேன். சாயம் கிடையாதுன்னு போட்டிருக்கீங்களே, என்னா விஷயம்?"

"கிடையாதுன்னுதான பாய் போட்டிருக்கேன்."

"அதான் கேக்குறேன். நாப்பத்தாறுல போடல. நாப்பத்தெட்டுல போடல. இதுல மட்டும் ஏன்?"

எவ்வளவு நாகரிகமான மனுஷன், மேல் வரியைப் பற்றி மூச்சே விடவில்லையே என்று கண்ணுச்சாமி நினைத்துக்கொண்டார்.

"அது வந்து பாய், முன்னாடி ஒரு பேச்சு இருந்துச்சு. பொய்ப் பேச்சு."

"அப்ப அதையும் எழுதிருங்க. பின்னாடி எவனாச்சும் கேட்டா நான் காட்டணும்ல?"

எழுதினார். 'பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஜக்கையன் காயில் சாயம் என்று கிளம்பிய பேச்சு பொய்.' டிக்.

அந்தப் பேச்சை மறந்தே போயிருந்த ஊர், சாயங்காலத்துக்குள் அதை ஞாபகப்படுத்திக்கொண்டது. "ஜக்கையன் காயில ஏதோ சாயமாம்ல? கம்பெனியே எழுதியிருக்காம்" என்று டீக்கடையில் இவரிடமே ஒருவர் விசாரித்தார். வியாழக்கிழமை காலையில் சிக்கந்தர் மறுபடியும் கூப்பிட்டார்.

"பொய்யின்னு நீங்க எப்படிண்ணே சொல்றீங்க? நீங்க அவரு தம்பியாமே! தம்பி சாட்சி எப்படிண்ணே செல்லும்? அந்தப் பேச்சைக் கிளப்புனவன் வந்து பொய்யின்னு சொல்லட்டும், எடுத்துக்கிறேன். இல்லேன்னா லாட்டு எனக்கு வேணாம்."

கண்ணுச்சாமி ஏலக்காய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சைக் கிளப்பியவனை எங்கே போய்த் தேடுவது? அவன்தான் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறானே.

அண்ணன் புது ஜீப்பில் வந்து இறங்கியதைப் பார்த்து வயிறு எரிந்த ஒரு காலையில், டீக்கடையில் அவர் சும்மா சொன்னதுதான். "காய்க்குப் பச்சை அடிச்சு, ஜீப்புக்குச் செவப்பு அடிச்சிருக்காருப்பா." நாலு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நேராக ஏலத்துக்குப் போனார்கள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம் என்று இவரும் பின்னாலேயே போனார். வாய் வரவில்லை. அப்புறம் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக ஜீப்புச் சத்தம் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

டேப்லெட்டை எடுத்தார். 'அந்தப் பொய்யைக் கிளப்பியது நான்தான். பொறாமையில் செய்தேன். அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை. இப்படிக்கு, தரம் பார்ப்பவர் கண்ணுச்சாமி.'

டிக்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஜீப்பு வந்து நின்றது. ஜக்கையன் கையில் போனோடு உள்ளே வந்தார். மகன் பிரபு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

"நீதானா?"

"நான்தான்ணே."

ஜக்கையன் எடைமேடை மேலேயே உட்கார்ந்தார். மெஷின் எண்பத்திரண்டு கிலோ என்று காட்டிக்கொண்டிருந்தது.

"எவனெவனையோ சந்தேகப்பட்டேன்டா. பாவம் அந்தச் சின்னமுத்து. அவன் அய்யா செத்த எழவுக்குக்கூட நான் போகல."

"அண்ணே..."

"இரு. நேத்து வாசிச்சதும் அருவாளைத்தான் தேடுனேன். உன் மதினிதான் தடுத்தா. 'அழிக்கவே முடியாத எடத்துல, ஒலகமே பாக்குற எடத்துல, எம்மேல தப்புன்னு எவன் எழுதுவான்? ஒங்க தம்பி எழுதியிருக்காரு'ன்னா." துண்டால் கண்ணைத் துடைத்தார். "கிளப்புனவனே சொல்லிட்டான்னு சிக்கந்தர் லாட்டை எடுத்துக்கிட்டாரு. கொண்டா பத்திரிகையை. எம்புள்ள கல்யாணத்துக்கு நான் வராம வேற எவன் வருவான்?"

கண்ணுச்சாமி இரண்டு கையாலும் பத்திரிகையைக் கொடுத்தார். ஜக்கையன் அதை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இத்தோடு கண்ணுச்சாமி வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? உண்மை பேசிப் பழக்கமில்லாதவனுக்கு, பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

"நீ பெரிய மனுஷன்ணே" என்று அழுதார். "அந்த முதல் வரியைக்கூட மன்னிச்சுட்டியே."

"எந்த முதல் வரி?"

"இந்தா, இதுதாண்ணே." டேப்லெட்டை நீட்டினார்.

ஜக்கையன் எழுத்துக்கூட்டி வாசித்தார். தேதியைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"அது பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி. ஏதோ பொறாமை, போகட்டும்னு வந்தேன்" என்றார். "இது இந்தச் செவ்வாக்கெழமைடா."

சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து எடைமேடை மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். மெஷின் பூஜ்யம் காட்டியது. ஜீப்பு கிளம்பி மலைரோட்டில் ஏறும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

வித்யா மெல்ல வந்து, கண்ணுச்சாமி கையிலிருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள்.

"கடிகாரம் போட்டிருந்தா இன்னும் ஏறலைன்னு அர்த்தம்ண்ணே. நிறமும் அளவும் போடாம அனுப்பியிருக்கீங்க, அதான் இது வெளிய போகாம இந்த டேப்லெட்டோடயே நின்னுருச்சு. இந்த ஒரு வரியை மட்டும் நீங்க அழிச்சிருக்கலாம்."