பின்னால் போகாத ஆட்டம்

இதை நான் ஒழுங்காகச் சொல்வேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஒன்பதாம் கிளாஸில் பாதியில் நின்றவள் நான். ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் வேறு எங்காவது போய்விடுவேன். இதையே மூன்று தடவை எழுதி அழித்தாயிற்று. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. ஆணும் பெண்ணும் ஜோடியாகக் கைபிடித்து ஆடுகிற ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற இடம் கண்டுபிடிக்க வேண்டும். ‘பால்ரூம் டான்ஸ்’ என்று மகள் தாளில் எழுதித் தந்திருந்தாள்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மகள் ரம்யாவுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிற கெவினைத்தான் கட்டுவேன் என்றாள். நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து கரமனையில் இருக்கிறவர்கள். அவர்கள் கொச்சிக்காரக் கிறிஸ்தவர்கள். பையன் தங்கம். அதனால் காலையில் எங்கள் முறைப்படி தாலிகட்டு, சாயங்காலம் அவர்கள் முறைப்படி கேக் வெட்டு என்று பேசி முடித்தோம்.

கேக்குக்குப் பின்னால் ஓர் ஆட்டம் இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

முதல் பாட்டுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடுவார்களாம். அடுத்த பாட்டுக்கு மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணின் அம்மாவோடு ஆடுவாராம். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அம்மாவோடு.

எங்கள் பக்கத்தில் சம்மந்தி ஆண்கள் வந்தால் நாங்கள் காப்பியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவோம். ஆட்டமாம்!

என் வீட்டுக்காரர் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். விஷயத்தைக் கேட்ட அன்றே அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. மறுநாள் டாக்டர் சீட்டோடு வந்தார். “எனக்க தோளு பொங்க மாட்டேங்குது, கையத் தூக்க முடியல. நீ ஆடு” என்றார். எனக்கும் ஏதாவது பிடித்துக்கொள்ளுமா என்று ரெண்டு நாள் காத்திருந்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை.

நானும் மாட்டேன் என்றுதான் சொல்ல இருந்தேன். ஆனால் நிச்சயத்தன்று கெவினின் அத்தைமார் ரெண்டு பேர் பேசிக்கொண்டது ரம்யா காதில் விழுந்திருக்கிறது. இந்தக் கூட்டம் டாக்டரைப் பார்க்க டோக்கன் எடுத்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்காரும், கல்யாணமும் இப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார்களாம்.

“அம்மா, ரெண்டே ரெண்டு மினிட்டு. அவங்க முன்னால என்னை நாணங்கெடுத்திராத” என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

சரி என்று சொன்னேன். இருபத்தைந்து நாள் இருந்தது.

எனக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. சொல்லிக்கொடுக்கிறவர் பெண்ணாக இருக்க வேண்டும். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது. கரமனைக்காரர் யாரும் அங்கே வரக்கூடாது. அப்படி ஓர் இடம் ஊரில் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

முதலில் போனது பட்டம் என்கிற இடத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. ஆட்டோக்காரர் வழியெல்லாம் யாருக்கு டான்ஸ், மகளுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை வயது என்றார். ஏழு என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இந்த வயதில்தான் காலு வளையும் என்று ஆசீர்வாதம் பண்ணி இறக்கிவிட்டார்.

மாடியில் இருபது பெண்கள் இறுக்கமான கால்சட்டை போட்டு நின்றார்கள். நான் சேலையில் பின்வரிசைக்குப் போனேன். யாரிடமாவது விசாரிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பாட்டு போட்டுவிட்டார்கள். முன்னால் நின்ற பையன் எண்ணிக்கொண்டே குதித்தான். எல்லோரும் குதித்தார்கள். நான் மட்டும் நின்றால் நன்றாகவா இருக்கும்? நானும் குதித்தேன். முக்கால் மணி நேரம்!

முடிந்ததும் அந்தப் பையன் வந்து, நல்ல எனர்ஜி ஆன்ட்டி, எத்தனை கிலோ குறைக்கணும் என்று கேட்டான்.

அது மெலிவதற்கான இடம். ரெண்டு நாள் என்னால் கீழே உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

ரெண்டாவது இடம் சாஸ்தமங்கலத்தில். இங்கே கல்யாண ஆட்டம்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், சந்தேகமில்லை. குடுமி வைத்த ஒருத்தர் வந்து உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, ஆன்ட்டிக்கு கூலிங் கிளாஸ், புகை, பின்னால் எட்டுப் பையன்கள், பாட்டு நடுவில் ஆன்ட்டியைத் தூக்கிச் சுற்றுவார்கள் என்று திட்டம் சொன்னார். எழுந்து வாங்க, தூக்கிக் காட்டுறேன் என்று கையை வேறு நீட்டினார்.

“அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன் தம்பி” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். சாஸ்தமங்கலத்திலிருந்து கரமனை வருவதற்குள் பால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

மூன்றாவதாகத்தான் லைலா டீச்சர் கிடைத்தார். வழுதக்காட்டில் ஒரு பழைய வீடு. ரோட்டை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பலாமரம். டீச்சருக்கு அறுபது தாண்டியிருக்கும், நெட்டையான, சிரிக்காத அம்மா. இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

முதல் நாள் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, காலில் விழுந்தேன். எங்களுக்கு வித்தை என்றால் அப்படித்தான் தொடங்கத் தெரியும். டீச்சர் ரெண்டடி விலகினார். பிறகு தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்லதாயிற்று, மத்தியானக் கறிக்குத் தேங்காய் இல்லாமல் இருந்தது என்றார்.

கூட ஆடப்போவது யார் என்று கேட்டார். கெவினின் அப்பா ஸ்டான்லி சார் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொருத்தி வீட்டுக்காரரோடு கைபிடித்து ஆடப்போகிறேன் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படிச் சொல்ல?

“சம்மந்தியம்மா கூட” என்று சொல்லிவிட்டேன்.

வினையானது இந்த ஒரு பொய்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நான் சொல்ல மறந்துவிடுவேன்.

டீச்சர் என் முன்னால் வந்து நின்று கையைப் பிடித்தார். இனி வலது காலை எடுத்து வை என்றார். நான் சந்தோஷமாக வைத்தேன். டீச்சரின் முட்டியில் இடித்தது.

“முன்னால இல்ல மோளே. பின்னால” என்றார்.

எனக்குத் திக்கென்றது. வலது காலை எடுத்து வைத்து உள்ளே வா என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். வலது காலை எடுத்து வைத்து வெளியே போ என்று யாராவது சொல்வார்களா? அதுவும் மகள் கல்யாணத்தில், பெற்றவள், சம்மந்தி வீட்டார் முன்னால் பின்வாங்குகிறதா? விளங்குமா?

சகுனம் ஒரு பக்கம் இருக்கட்டும். பின்னால் பார்க்காமல் நடக்கவும் என்னால் முடியாது. முயற்சி பண்ணினேன். அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை என்று டீச்சர் சொன்னார். எனக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தேன். நாலாவது அடியில் ரெண்டு பேரும் ஜன்னலில் போய் மோதினோம்.

டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ரெண்டு பெண்கள்தானே ஆடப்போகிறீர்கள், யாராவது ஒருத்தர் முன்னால் போனால் போதும், சம்மந்தியம்மாவுக்குப் பின்னால் போகத் தெரியுமா என்று கேட்டார். அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும் என்றேன்.

“அப்ப பேடிக்கண்டா, பயப்படாத. நீ முன்னால வா, நான் பின்னால போறேன்” என்றார்.

பத்து கிளாஸ். ஹாலைச் சுற்றி முன்னால் மட்டும் போகிற நடை. எதிராளியின் முதுகில் வலது கையை வைத்து, தள்ளாமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் காலி கேஸ் சிலிண்டரைப் பிடித்துப் பழகினேன். உயரம் போதாது, ஆனால் சொன்ன இடத்துக்கு வரும். வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, அதுகிட்டயாவது சத்தம் போடாம ஆடு என்றார். கடைசி நாள் டீச்சர் சிரித்தார். எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

கல்யாண நாள் சாயங்காலம் ஹால் நிறைய ஆட்கள். கேக் வெட்டினார்கள். மகளும் கெவினும் ஆடினார்கள். அடுத்து மைக்கில் என் பெயர். ஸ்டான்லி சார் கோட்டில் ரோஜாப்பூ குத்திக்கொண்டு வந்து, குனிந்து, கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் தோளில் தூளி கட்டி உட்கார்ந்து ஒரு தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய் நின்றேன். டீச்சர் சொன்னபடி அவர் முதுகில் வலது கையை வைத்தேன். அவரும் என் முதுகில் வலது கையை வைத்தார். ரயில் ஏற்றிவிட வந்த ஆட்கள் மாதிரி ஆகிவிட்டது. ஏதோ சரியில்லை என்று அப்போதே தோன்றியது. பாட்டு தொடங்கிவிட்டது.

அவர் இடது காலை முன்னால் வைத்தார். நான் வலது காலை முன்னால் வைத்தேன்.

முட்டியும் முட்டியும் இடித்தன. அவர் சாரி என்றார். மறுபடி தொடங்கினோம். மறுபடி இடித்தன. இந்த முறை என் நெற்றி அவர் தாடையில்.

“பின்னோட்டு, பின்னோட்டு” என்று காதில் சொன்னார்.

“நீங்க போங்கோ சார்” என்றேன்.

மனிதர் போகவில்லை. பாவம், அவருக்கும் முன்னால் மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. நானோ பத்து கிளாஸ் தள்ளிப் பழகினவள். தள்ளிவிட்டேன். கேக் மேசை வரைக்கும் அவரைக் கொண்டுபோய்விட்டேன். அங்கே அவர் கோட்டுப் பூ என் சேலைத் தோளில் குத்தியிருந்த ஊக்கில் மாட்டிக்கொண்டது. விடுவிக்கவே அரை நிமிடம் ஆனது.

அத்தைமார் ரெண்டு பேரும் கர்சீப்பை வாயில் வைத்துக் குலுங்கினார்கள்.

நான் மேடையைப் பார்த்தேன். ரம்யா பூச்செண்டை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் நிறைந்த அதே மாதிரி.

உட்கார்ந்துவிட்டால் முடிந்தது கதை. டோக்கன் எடுத்த கூட்டம் என்பது நிஜமாகிவிடும். ஆனால் இந்த மனிதரோடு இன்னும் ஓர் அடிகூட வைக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஆட்டத்துக்குப் பின்னால் போகிற ஆள் ஒருத்தர் வேண்டும்.

கெவினின் அம்மா கிரேசி ஓரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரரின் தோள்பிடிப்பால் ஜோடி இல்லாமல் போன பெண்மணி. காலால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நேராகப் போய்க் கையை நீட்டினேன்.

“வாங்கோ சம்மந்தியம்மா.”

“ஞானோ?” என்று தன்னையே கைகாட்டிக்கொண்டு எழுந்தார். நான் அவர் முதுகில் கையை வைத்தேன். வலது காலை எடுத்து வைத்தேன். அம்மாடி, அவர் தண்ணீர் மாதிரி பின்னால் போனார்! கனத்த உடம்பு, ஆனால் என் சிலிண்டரைவிட லேசு. ஹாலை ஒரு சுற்று வந்தோம். ரெண்டாவது சுற்றில் யாரோ கை தட்டினார்கள். மூன்றாவது சுற்றில் அத்தைமார் ரெண்டு பேரும் எழுந்து ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஆட வந்தார்கள். ஸ்டான்லி சார் போய் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சேச்சி படிச்சது ஆம்பிளைங்க ஸ்டெப்பாக்கும்” என்று கிரேசி காதில் சொன்னார். அப்போதுதான் எனக்கே தெரியும். நான் மன்னிப்பு கேட்கப் போனேன்.

“சாரமில்ல, பரவால்ல. முப்பது வருஷமா ஸ்டான்லி என் காலை மிதிக்கிறார். இன்னிக்குத்தான் ஒராள் மிதிக்காம ஆடுது. நிறுத்தாதீங்க” என்றார்.

மேடையைப் பார்த்தேன். ரம்யா கண் துடைக்கிற துணியால் கெவினை அடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ், பிறந்தநாள் எதற்குப் போனாலும் அத்தைமார் வரிசை கட்டி நிற்கிறார்கள். எல்லோருக்கும் மிதிக்காத ஆள் வேண்டுமாம். ஸ்டான்லி சார் வேறு, இந்தத் தடவை பார்த்துவிடலாம் என்று கோட்டுப் பொத்தானைக் கழற்றுகிறார். எனக்கு அன்றைக்கு ஆடினதே எப்படி என்று தெரியவில்லை, இன்னொரு தடவை வருமா?

அதனால் நான் ஒன்று செய்கிறேன். பாட்டு போடுவதற்கு முன்பே போய், கேக்கை வெட்டி எல்லோருக்கும் விளம்ப நின்றுவிடுகிறேன். கையில் கத்தியோடு நிற்கிறவளை யாரும் ஆடக் கூப்பிடுவதில்லை.