அல்லெங்கி அண்ணன் வாங்கிய ஆறு நாலு

அல்லெங்கி அண்ணனின் வேனில் ஏறி நேர்வழியில் போன மனிதர் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்கூடக் கிடையாது. ஏறியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் போகிற வழியில் பாதி மாவட்டத்தைப் பார்த்துவிடுவார்கள். நம்ம ஊரில் இப்படி ஒரு குளம் இருப்பதே அந்த வேனில் போன பிறகுதான் தெரிந்தது என்று சொன்னவர்கள் உண்டு.

‘அல்லெங்கி’ என்பது அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அல்ல. மலையாளத்திலிருந்து எங்கள் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்ட சொல். ‘இல்லையென்றால்’ என்று அர்த்தம். மற்றவர்கள் அதைத் தேவைக்கு எடுப்போம், அண்ணனுக்கு அது இல்லாமல் வாக்கியமே முடியாது. எங்கள் ஊரான கருங்கல்லில் சந்தைப் பக்கத்து டீக்கடையில் வந்து உட்கார்ந்தால், “ஒரு சாயா. அல்லெங்கி காப்பி. அல்லெங்கி வேண்டாம், சாயாவே இருக்கட்டு” என்பார். கடைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து இரண்டையும் ஒரே கிளாசில் ஊற்றி நீட்டிவிட்டார். அண்ணன் உறிஞ்சிப் பார்த்து, “கொள்ளாம், நல்லாட்டு இருக்கு” என்றார். அன்றிலிருந்து அந்தக் கடையில் அவருக்கு அதுதான்.

ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ரோடு இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டார்.

“எடது பக்கம் போனா சீக்கிரம். அல்லெங்கி வலது பக்கம், ரோடு நல்லாட்டு கெடக்கு. உங்களுக்கு எப்படி?” என்று பின்பக்கம் திரும்பிக் கேட்டார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் இடது என்றார். சித்தப்பா வலது என்றார். இருவருக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லை. வண்டி இரண்டு கட்சியாகப் பிரிந்து, பழைய சொத்துத் தகராறு வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக இறங்கி, வழியில் வந்த யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்த் தாலி கட்டினார். வேன் வந்து சேர்ந்தபோது பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘சம்மதமா’ என்று கேட்டதும் அண்ணன், “சம்மதம். அல்லெங்கி...” என்று ஆரம்பித்திருக்கிறார். உள்ளே இருந்து பெண்ணின் குரல் வந்ததாம்: “அல்லெங்கி ஒண்ணும் கெடையாது. தேதியக் குறிங்க.”

அதுதான் லில்லி சிஸ்டர். நர்ஸ் என்பதால் ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் குழப்பமும் இல்லை. சட்டை நிறம், சாப்பாடு, வண்டியின் வழி எல்லாவற்றையும் சிஸ்டரே முடிவு செய்தார். அப்புறம் அவருக்கு மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல, நர்ஸ் மனைவி வளைகுடாவிலும் புருஷன் ஊரிலுமாக எத்தனையோ வீடுகள் உண்டு. ஆனால் அண்ணனின் விஷயத்தில், மூளையில் முடிவெடுக்கிற பகுதி மட்டும் விசா எடுத்துப் போய்விட்ட மாதிரி ஆயிற்று. வருஷத்தில் ஒரு மாதம்தான் அது லீவில் வரும்.

அப்போது நான் கருங்கல்லில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தேன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தே பிழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன் ஒருநாள் வந்து ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கவுண்டரில் வைத்தார். கைக்குள் அடங்கும், சின்னப் புத்தகம் போலத் திறக்கும், மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. மஸ்கட்டில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தார்களாம். சிஸ்டர் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

“மக்கா, எனக்குப் பிடிச்ச நிறம் என்னவாக்கும்?” என்று கேட்டார் அண்ணன்.

அந்தப் பெட்டியை முதன்முதலில் திறந்தால் பெயர், பிறந்தநாள், பிடித்த நிறம் எல்லாம் கேட்கும். பெயரும் பிறந்தநாளும் முடிந்துவிட்டன. பிடித்த நிறத்தில் அண்ணன் ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தார். நான் வாங்கி, கையில் பட்ட ஏதோ ஒரு நிறத்தை அமுக்கிக் கொடுத்தேன். பெட்டி திறந்தது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் திறந்த பெட்டியில் விளையாட எதுவும் இல்லை. விளையாட்டு தனியாக ஒரு சின்னக் கார்டில் வரும், அதை ஓட்டைக்குள் செருக வேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கார்டு என்றால் கட்டுப்படியாகாது. அதனால் எத்தனை விளையாட்டு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்கிற மாதிரி ஒரு கார்டு வந்திருந்தது. ஆர் ஃபோர் என்று பெயர். சிஸ்டரிடம் ஒன்று இருந்தது. அண்ணனிடமும் ஒன்று இருந்தால் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பந்தயத்தில் கார் ஓட்டலாம். ஆகவே லீவுக்கு முன்னால் போன் செய்து சொன்னார். இங்கிலீஷில் சொன்னால் இவர் குழம்புவாரே என்ற நல்லெண்ணத்தில் ஃபோரை மட்டும் தமிழாக்கிவிட்டார். வந்தது வினை.

“நான் வருத நேரத்துக்கு ஒரு ஆர் நாலு வாங்கி வையுங்க. இந்த லீவுல ஒரு வீட்டுக்கும் போகப்பிடாது. கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் விளையாடணும்.”

இவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது. சிஸ்டர் சொன்ன ‘ஆர்’ அண்ணன் காதில் ‘ஆறு’ என்று விழுந்தது.

கருங்கல்லில் போய் ‘ஆறு நாலு’ என்று கேட்டால் என்ன கொடுப்பார்கள்? ஆறடிக்கு நாலடி மெத்தை கொடுப்பார்கள். அதுவும் ஒரு வருஷம் கழித்து வருகிற மனைவி, கதவைச் சாத்துவதைப் பற்றியும் பேசியிருக்கும்போது அண்ணனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வேன் மேல் மெத்தையைக் கட்டி, வெட்கத்தில் யாரையும் பார்க்காமல் அவர் சந்தை வழியாகப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பிரிவு எதுவும் இல்லாத ரோடாக இருந்ததால் சீக்கிரமே கடந்துபோனார்.

சில நாள் கழித்து ரீசார்ஜ் செய்யக் கடைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து சிஸ்டர் கூப்பிட்டார். எந்தக் காதில் வைப்பது என்று முடிவாகாததால் அண்ணன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கடை முழுக்கக் கேட்டது.

“ஆர் நாலு வாங்கியாச்சா?”

“வாங்கியாச்சு. ஆறு அஞ்சும் இருந்து. ஒருவேள அதையே எடுத்திருக்கலாமோன்னு...”

“அஞ்சும் வந்தாச்சா? எனக்கு அறியாதே! செரி, உள்ள நொழையுதா?”

“ரெண்டா மடக்கி நொழச்சேன்.”

“மடக்குனியளா? ஒடிஞ்சு போவாதா?”

“சேச்சே. நல்ல பஞ்சாக்கும்.”

சிஸ்டர் லைன் சரியில்லை என்று நினைத்திருப்பார்.

“போட்டுப் பாத்தியளா?”

“இல்ல. பிளாஸ்டிக் கவரே பிரிக்கல்ல. நீ வந்த பொறவு பிரிக்கலாம்னு...”

“அது எதுக்கு நான் வருத வரைக்கும்? எத்தன கொள்ளும்னு இப்பமே தெரியாண்டாமா?”

அண்ணன் கடையைச் சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி என்ன பிரயோஜனம்?

“ரெண்டு பேரு தாராளமாட்டு கொள்ளும் லில்லி.”

கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கவுண்டர் பக்கம் நகர்ந்து வந்தார்கள்.

“இஞ்சேருங்க, நீங்க என்னத்த வாங்கினிய?”

“மெத்த.”

மஸ்கட்டிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. சிரித்து முடித்து, “பக்கத்துல ஆரு நிக்கா?” என்றார் சிஸ்டர்.

“ஆறு வீட்டுல இருக்கு” என்றார் அண்ணன்.

நான் போனைக் கையில் வாங்கினேன். சிஸ்டர் பொறுமையாக எல்லாம் விளக்கினார். கடைசியில் குரல் கொஞ்சம் மாறியது.

“தம்பி, போன லீவுல கல்யாண வீடு, சாவு வீடு, சாக்லேட்டு கொடுக்கப் போன வீடுன்னு ஒரு மாசமும் ஓடிப் போச்சு. அவருகிட்ட நான் தனியாட்டு இருந்து பேசினது ஏர்போர்ட்டுல வண்டி நிறுத்துத எடத்துலயாக்கும். இந்த மொறயாவது ஒண்ணாட்டு இருக்கணும். நல்லதாட்டு ஒண்ணு நீ பாத்து எடுத்துக் கொடு. அவர எடுக்க விடாத, கேட்டியா?”

‘அதற்கென்ன சிஸ்டர், நான் இருக்கிறேன்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். திருவனந்தபுரத்திலிருந்து எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவரிடம் சொன்னேன். ஒரு ஆர் ஃபோர் வரும் என்று பார்த்தால் ஒரு பொட்டலம் நிறைய வந்தது. வெறும் ஆர் ஃபோர். ஆர் ஃபோர் ஐ. பெயருக்குப் பின்னால் வருஷம் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. வெள்ளை ஸ்டிக்கர், கறுப்பு ஸ்டிக்கர், தங்க நிற ஸ்டிக்கர். ‘இதுவே ஒரிஜினல், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்று எல்லாப் பெட்டியிலும் அச்சடித்திருந்தது. ஒன்றில் ஒரிஜினல் என்ற வார்த்தையிலேயே எழுத்துப்பிழை.

கவுண்டரில் பரப்பிவைத்துப் பார்த்தேன். போன் போட்டு சரக்குக்காரரைக் கேட்டேன். பெட்டி பழைய மாடலா புதிய மாடலா, மெமரி கார்டு பெரியதா சின்னதா என்று அவர் என்னைக் கேட்டார். சிஸ்டரிடம் உள்ளதில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தோம். விரல் பட்டுப் பட்டு எழுத்து அழிந்துபோயிருந்ததாம்.

“இந்தக் கறுப்புதான் அண்ணே சரியா வரும். அல்லெங்கி...” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்த சொல் எனக்கே கேட்டது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் அத்தனை கருணை.

“இப்பம் தெரியுதா மக்கா, எனக்க பாடு?” என்றார்.

கடைசியில் முடிவெடுத்தது அண்ணன்தான். “லில்லிக்கு கோல்டுன்னா இஷ்டமாக்கும்” என்று சொல்லி, தங்க நிற ஸ்டிக்கரை எடுத்தார். அதற்கு மேல் நல்ல காரணம் என்னிடமும் இல்லை.

பெட்டியில் செருகியதும் ஏதோ சீன எழுத்து வந்தது. அப்புறம் ‘லோடிங்’ என்று வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. நான் கையைப் பிசைந்தேன், அண்ணன் துளியும் அசரவில்லை. கல்யாணம் இல்லாத நாளில் அவர் வேன் தேங்காய் லோடு ஏற்றும்.

“லோடு ஏறும்போ நாம தொந்தரவு செய்யப்பிடாது மக்கா. எறங்குத எடத்துல தானே தெரியும்” என்று அதை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போய்த் திரும்பி வந்தார். அப்போதும் லோடு ஏறிக்கொண்டுதான் இருந்தது. மறுநாளும் ஏறியது. சிஸ்டர் வந்து இறங்கிய அன்றும் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. சிஸ்டரிடம் நெஞ்சை நிமிர்த்தியவன் நான். ஒரு மாதம்தான் லீவு, அதில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. சரக்குக்காரரை விடாமல் நச்சரித்து, பெட்டியின் மாடலைச் சொல்லி, நானே திருவனந்தபுரம் போய், கடையிலேயே செருகிப் பார்த்துச் சரியான கார்டை வாங்கினேன். அங்கிருந்து வந்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

மத்தியான நேரம். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சண்டை போடுகிற சத்தம்.

“திருப்புங்க! திருப்புங்க!”

“எடதா, வலதா?”

“எடது!”

எட்டிப் பார்த்தேன். ஆறு நாலு மெத்தை முன்னறையில் தரையில் கிடந்தது. அதன் நடுவில் இருவரும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டரின் பெட்டி ஒன்றுதான். அதன் இடது பக்கத்தை அண்ணன் பிடித்திருந்தார், வலது பக்கத்தை சிஸ்டர். காரைத் திருப்புகிற பட்டன் இடது பக்கம், வேகமும் பிரேக்கும் வலது பக்கம். ரோடு பிரிகிற இடத்தில் நிறுத்தி யாரையும் கேட்க அண்ணனால் முடியாது, ஏனென்றால் வண்டி சிஸ்டரின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. கார் எங்கோ போய் மோதியது. இருவரும் மெத்தையில் சாய்ந்து சிரித்தார்கள்.

நான் இருமினேன். சிஸ்டர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். கார்டை நீட்டினேன்.

“அண்ணே, இது அசல் ஆர் ஃபோர். நானே போட்டுப் பார்த்தாச்சு. இனி ஆளுக்கொரு பெட்டி வச்சு விளையாடலாம்.”

அண்ணன் கார்டை வாங்கவில்லை. அதைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார்.

“வேண்டாம் மக்கா” என்றார்.

நான் ‘அல்லெங்கி’ வரட்டும் என்று காத்து நின்றேன். சிஸ்டரும் காத்து நின்றார். வரவே இல்லை.

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தம்பிக்கு சாயா போடுதேன்” என்று அடுக்களைக்குள் போனார். வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். கண் சிவந்திருந்தது. சாயாவில் சர்க்கரை இல்லை. நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அந்த அசல் ஆர் ஃபோர் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. அல்லெங்கி அண்ணன் இன்னும் வேன் ஓட்டுகிறார், ரோடு பிரிகிற இடத்தில் இன்னும் நிறுத்திக் கேட்கிறார். அவர் வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அந்த வேனுக்குத்தான் காத்து நிற்கிறேன்.