மாமனார் வீட்டுத் தொட்டியில் ஒரு சோதனை

எதை வாங்குவதாக இருந்தாலும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். யார் வீட்டில் சோதிக்கக் கூடாது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அதை நானாகவே கண்டுபிடித்தேன்.

மைசூரு மண்டி மொஹல்லாவில் எனக்கு ஒரு சின்னக் கடை. குழாய் ஒழுகினால், கீசர் கெட்டால், மாடித் தொட்டி கழுவ வேண்டுமென்றால் வீடு தேடிப் போய்ச் செய்து தருவோம். போர்டில் இருப்பது என் பெயர். கடையை நடத்தியது என் மனைவி கவிதா. அவள் போனை எடுத்துப் பேசி, யார் எந்த வீட்டுக்கு என்று சொல்வாள். மஞ்சுவும் ரவியும் பைக்கில் கிளம்புவார்கள். (நான் என்ன செய்வேன்னு கேக்காதீங்க, மேற்பார்வைன்னு ஒண்ணு இருக்கில்ல.)

ஏழாம் மாதம் தொடங்கியதும் அவள் கொள்ளேகாலில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். அலையக் கூடாது, பிரசவம் வரை அங்கேயே இருக்கட்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அவளுக்கோ என்மேல் நம்பிக்கை இல்லை.

“கடைய நீங்க பாத்துக்குவீங்களா? முடியலைன்னா சொல்லுங்க, வளைகாப்பு முடிஞ்சதும் உங்ககூடவே வந்துர்றேன்.”

சொன்னால் செய்கிறவள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் மறுபடி கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாளோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அதனால்தான் சாப்ட்வேர் வாங்க முடிவு செய்தேன். வேலையை அதில் பதிந்துவிட்டால் போதும், நாள் வந்ததும் அதுவே ஆட்களுக்குச் செய்தி அனுப்பிவிடுமாம்.

மூன்று கம்பெனிகளோடு பேசினேன். முதல் சாப்ட்வேரில் பத்தாயிரம் ஊழியர்களை நிர்வகிக்கலாம் என்றார்கள். என்னிடம் இருந்தது இரண்டு பேர், அதிலும் ரவி திங்கட்கிழமை வர மாட்டான். இரண்டாவது உலக வரைபடத்தையே விரித்துக் காட்டியது. நாங்கள் ஊர் எல்லையில் இருக்கும் ஹெப்பாளைத் தாண்டிப் போனதில்லை. மூன்றாவது கம்பெனியில் பேசிய பெண் என்னை “ஃபவுண்டர் சார்” என்று கூப்பிட்டாள். அதையே தேர்ந்தெடுத்தேன்.

“ஒரு டெஸ்ட் வேலை போட்டுப் பாருங்க, ஃபவுண்டர் சார்,” என்றாள். அதற்கு ஒரு முகவரியும் போன் நம்பரும் வேண்டும். அவசரத்தில் நினைவுக்கு வந்தவை மாமனாருடையவை. நாளா? வருகிற ஞாயிறு. வளைகாப்பு அன்றைக்குத்தான் என்பதால் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை, மாடித் தொட்டி சுத்தம். குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. ‘மிக முக்கியமான வாடிக்கையாளர். யாரையும் கேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்கவும்’ என்று எழுதினேன். (ஃபவுண்டர்னா இப்படித்தான் எழுதுவாங்கன்னு ஒரு நெனப்பு.) பொத்தானை அழுத்தினேன், பச்சை டிக் வந்தது. அந்த டெஸ்ட் வேலையை அழிக்க மறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பையன்களைக் கூப்பிட்டுப் பேருரை ஆற்றினேன். “இனிமே எதுக்கெடுத்தாலும் எனக்குப் போன் பண்ணக் கூடாது. ஆப் என்ன சொல்லுதோ அத செய்யணும்.”

“ஆப் தப்பா சொன்னா?” என்று கேட்டான் மஞ்சு.

“ஆப் தப்பா சொல்லாது.”

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொந்தக்காரர்களோடு வேனில் போய் இறங்கினேன். மாமனார் வீட்டு வாசலில் எங்கள் கடை பைக் நின்றது. நான் யோசிப்பதற்குள் மாமனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விசேஷ ஊட்ல தண்ணி சுத்தமா இருக்கோணும்னு ஆளெல்லாம் அனுப்பியிருக்கீங்களே மாப்ள. ஒரு வார்த்த சொல்லவே இல்லீங்களே.”

கல்யாணமானதிலிருந்து என்னைக் ‘குழாய் வேலை பாக்கறவரு’ என்றே ஊருக்கு அறிமுகம் செய்தவர், அன்று பக்கத்தில் நின்றவரிடம் “எங்க மாப்ளைங்க” என்றார். எனக்குக் காரணம் புரியவில்லை, தலையை ஆட்டிவைத்தேன்.

மஞ்சு மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தன் கன்னடத் தமிழில் சொன்னான். “சார், டேங்க் ஃபுல் காலி ஆயித்து. தேய்ச்சுட்டு மோட்டார் போட்டா முடிஞ்சுது.”

சமையலறையிலிருந்து மாமியார் வெளியே வந்தார். “மோட்டார் எப்படிங்க ஓடும்? காத்தாலயே கரண்டு போயிருச்சு. தொட்டித் தண்ணிய நம்பித்தான சமையலே ஆரம்பிச்சிருக்குது.”

அப்போதுதான் எனக்கு அந்தப் பச்சை டிக் ஞாபகம் வந்தது.

“ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தண்ணியத் தொறந்து விட்டிருக்கலாம்ல, மஞ்சு?”

“கேக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு நோடி சார், நீங்களே பாருங்க,” என்று மாடியிலிருந்தே போனைக் காட்டினான்.

மாமனார் என் கையை விட்டுவிட்டார்.

அடுத்த தெருவில் ஒரு கைப்பம்பு. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் அடிக்க, மஞ்சுவும் ரவியும் குடம் குடமாகச் சுமந்தார்கள். பிறகு குடம் சுமக்க என் முறை வந்தது. கூடத்தில் முழங்கை வரை வளையலோடு உட்கார்ந்திருந்த கவிதா, குடத்தோடு போகும் என்னை முதல்முறை முறைத்தாள். அடுத்த முறை அவள் சிரிப்பை அடக்கப் பார்த்ததில் வளையல்கள் குலுங்கின. நலங்கு வைக்க வந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பந்தி தொடங்கும்போது எல்லோரும் பசியில் கண்கலங்கி இருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் மாமனாரின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று சாப்ட்வேர் கேட்டிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு நட்சத்திரத்தை அழுத்தினார். கீழே நிதானமாக எழுதினார். எழுதியதைப் பந்தலுக்கே வாசித்தும் காட்டினார்: “பசங்க தங்கமானவங்க. மொதலாளி சரியில்ல.”

வேன் கிளம்பும்போது கவிதா வாசலுக்கு வந்தாள். நானும் வர்றேன் என்று சொல்லப்போகிறாள், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் என் போனை வாங்கி ஆப்பை நெடுநேரம் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

“சாப்ட்வேர் நல்லாத்தாங்க இருக்குது. சொன்ன நேரத்துக்கு ஆளு வந்து சொன்ன வேலையச் செஞ்சிருக்காங்க. இதையே வாங்கிருங்க. நான் இங்க படுத்துட்டே கடையப் பாத்துக்கறேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில்.

“பாஸ்வேர்டு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்,” என்றாள்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பாஸ்வேர்டு இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் கொள்ளேகாலுக்கு வருகிறோம் என்று போன் செய்தால், மாமியார் வாங்க என்று சொல்லிவிட்டு, போனை வைப்பதற்கு முன்பே உள்பக்கம் திரும்பிச் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கும்:

“மாப்ள வர்றாராமா. அண்டாவெல்லாம் ரொப்பி வெச்சிருங்க.”