மனக்குறைப் பெட்டியில் விழுந்த எண்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகளில் முதலாவது சக்கரம். இரண்டாவது, கரமனை ஆற்றோரத் தெரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் வன்னியபெருமாள் சென்ற வாரம் கண்டுபிடித்தது. நெருப்பைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

வன்னியபெருமாள் சாதாரண ஆளில்லை. நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து, சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்து நிமிர்ந்தவர். போன தேர்தலில் பன்னிரண்டு வீட்டுக்கும் தன் வீட்டு வைஃபையையே இலவசமாகத் திறந்துவிட்டு ஏகமனதாக ஜெயித்த வள்ளல். சங்கத்தின் இணையதளத்தில் 'மனக்குறைப் பெட்டி' வைத்து, பெயர் போடாமலே யாரும் எதையும் எழுதலாம் என்று அறிவித்த ஜனநாயகவாதி. இரண்டு வருஷமாக யாரும் எழுதவில்லை. ஆகவே தெருவில் குறையே இல்லை என்று ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை எந்தப் பாவியோ எழுதிவிட்டான்.

"காலையில் மோட்டார் போட்டால் செயலாளர் வீட்டு டேங்க் நிரம்பி வழிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தண்ணீர் வருகிறது."

என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் ஒரே ஒரு தடவைதான் படித்தார். யார் எழுதியது என்ற கவலையில் அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மூன்றாவது வீட்டு மலையாளப் பெண் ரெம்யாவைக் கூப்பிட்டார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அவள்தான் அந்த இணையதளத்தைச் செய்துகொடுத்தவள்.

"பேரு ஒண்ணும் விழாது சாரே. எழுதின லைனோட ஐ.பி. அட்ரஸ் மட்டும் விழுந்திட்டுண்டு."

"அட்ரஸ் இருக்கா! பெறகென்ன? கதவு நம்பரைச் சொல்லு!"

"கதவு நம்பர் இல்ல சாரே. அந்த லைனுக்கு வெளிய தெரியிற எண்ணு, அவ்வளவே உள்ளூ. ஏது கம்பெனி, ஏறக்குறைய ஏது ஊருன்னு தெரியும். யாரு பேரில லைனுன்னு கம்பெனிக்குத்தான் தெரியும். அதும் போலீசு கேட்டாத்தான் சொல்லும், கேட்டோ."

அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். வரைபடத்தில் கொச்சியில் போய்ச் சிவப்புப் புள்ளி விழுந்தது. கம்பெனியின் ஆபீஸ் அங்கே இருப்பதால் அப்படிக் காட்டும் என்றாள் ரெம்யா. 'கொச்சி' என்றதற்கு மேல் செயலாளர் காதில் எதுவும் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சியில் இருந்தது யார்? மகளை நர்ஸிங் காலேஜில் சேர்க்கப் போன வாட்ச்மேன் மகாராஜா! ஆஹா, என்ன துப்பறியும் மூளை! சக்கரத்துக்கு அடுத்த கண்டுபிடிப்பு இதுதான்.

ஞாயிறு காலை ஏழரைக்கு, மோட்டார் ஓடும் நேரத்தில், செயலாளர் வீட்டு முற்றத்தில் அவசரக் கூட்டம் கூடியது. தீர்மானம் தயாராக இருந்தது: "மேற்படி எண்ணுக்குரியவர் எப்பதவியில் இருப்பினும் உடனே நீக்கப்பட்டு, தம்மிடமுள்ள சாவிகளை ஒப்படைக்கக் கடவர்." 'எப்பதவியில் இருப்பினும்' என்பது கம்பீரத்துக்காகச் செயலாளரே சேர்த்தது. காபி வருவதற்குள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

கேட் ஓரத்து ஒற்றை அறைதான் மகாராஜாவுக்கு வேலையும் வீடும். அது போனால் மகள் இசக்கிசெல்வியின் படிப்பும் அதோடு போச்சு.

"ஐயா, சத்தியமா நான் எழுதல. எனக்குக் குறைன்னா நேர்ல வந்து சொல்லமாட்டேனா?"

"ஒம்ம போனைக் காட்டும்வே!"

போனில் அதன் ஐ.பி. எண்ணைக் காட்டும் தளத்தைத் திறந்தார்கள். அச்சு அசல் அதே எண்!

"குற்றம் நிரூபணம்!" என்று செயலாளர் மேஜையைத் தட்டினார்.

"ஒரு மினிட். சாரோட போனும் ஒண்ணு பார்க்கட்டே?" என்றாள் ரெம்யா.

பார்த்தாள். அதே எண்.

"அடப்பாவி, என் எண்ணையும் திருடிட்டானே!"

எதிர்வீட்டு வாலாம்பாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தன் போனை நீட்டினாள். "நேக்கும் அதே நம்பர்தான் வர்றது, பாருங்கோ!" அவ்வளவுதான், ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். ஓணம் பம்பர் லாட்டரி விழுந்த மாதிரி பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் "எனக்கும்! எனக்கும்!" என்று குதித்தார்கள்.

"எல்லாரும் சாரோட வைஃபையிலல்லே? உள்ள எத்தனை போன் இருந்தாலும் வெளிய ஒரே எண்ணுதான் தெரியும். இனி சொல்லுங்க சாரே, அந்த லைனு யாரு பேரில?"

செயலாளர் தீர்மானப் புத்தகத்தை மூடப் போனார்.

"மேற்படி எண்ணுக்குரியவர், எப்பதவியில் இருப்பினும்," என்று வாலாம்பாள் தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். "நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்தும் போட்டிருக்கேள். பேஷ்! மோட்டார் ரூம் சாவி உங்ககிட்டதானே இருக்கு? அதை இப்படி மகாராஜாகிட்ட குடுங்கோ."

வேறு வழியில்லை. இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். அதே நேரம் அவர் மாடி டேங்க் நிரம்பி, தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டோ கொட்டென்று தீர்மானப் புத்தகத்தின் மேலேயே கொட்டியது. மகாராஜா மோட்டாரை நிறுத்த ஓடினார்.

அப்போதும் நம் வன்னியபெருமாள் கொள்கையை விடவில்லை. நனைந்த வேட்டியோடு, காபித் தட்டு ஏந்தி வந்த மனைவி பேச்சியிடம் கிசுகிசுத்தார்.

"ஏ பேச்சி, நீயாவது சொல்லேன், எழுதினது ஆரு?"

பேச்சி தட்டை மேஜையில் வைத்தாள்.

"எழுதினது ஆருன்னு பார்க்க கொச்சி வரைக்கும் போயிட்டு வந்திட்டிய. எழுதினது நெசமான்னு பார்க்க, நம்ம மாடிக்கு இருபது படிதானே இருக்கு?"