டாங்கியும் அந்த நடு நம்பரும்

எந்த டாங்கியில் எந்த நம்பர் எழுதியிருந்தது என்பது ஜெர்மன் தளபதிகளுக்கே மறந்து போயிருக்கலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு மறக்காது. உலகப்போர் முடிந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தகவலை அவனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. ஆபீஸ், மெஸ், சலூன் எங்கும் அவன் 'டாங்கி'தான். இருவரும் ஒரே அரசாங்க ஆபீசில் குமாஸ்தாக்கள். சிங்கப்பூரில் இருந்த அவன் மாமா ஒருமுறை அட்டைப்பெட்டி ஒன்று அனுப்பினார். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜெர்மன் டாங்கி. அந்த நல்ல மனுஷர் வருஷம் தவறாமல் ஒன்று அனுப்ப ஆரம்பித்தார். என் நிம்மதி அதோடு போயிற்று.

ஒட்டுவது அரை நாள் வேலை. மேலே நம்பர் எழுதத்தான் ஆறு மாசம். "நெஜமா ஓடின வண்டியோட நம்பரத்தான் எழுதணும் மச்சான். நம்ம இஷ்டத்துக்கு எழுதினா அது கள்ள வண்டி" என்பான். அதற்குப் போட்டோ வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கடலை விற்றவரிடம் யுத்தகாலப் படப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. அந்தக் காகிதத்துக்காகவே தினமும் நாலு பொட்டலம் வாங்குவான். "கடலைய நீ தின்னு, காகிதத்தக் குடு." அந்த வருஷம் எனக்கு வந்த வயிற்றுக் கோளாறுகளுக்கெல்லாம் ஜெர்மனிதான் காரணம்.

ஒருநாள் பொட்டலத்தைப் பிரித்தால் பாதி டாங்கி. மீதிப் பாதி, சற்றுமுன் வாங்கிப் போன ஒரு மீனவர் கையில். டாங்கி மணலில் விழுந்தடித்து ஓடினான். "அண்ணே! அண்ணே! கடலைய நீங்களே வெச்சிக்குங்க, காகிதத்த மட்டும் குடுங்க!" பித்துப் பிடித்தவன் என்று நினைத்து அவர் பொட்டலத்தோடு ஓட்டமெடுத்தார். படகு வரைக்கும் துரத்திப்போய் வாங்கி வந்தான். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய் விளம்பரம்.

நம்பரின் கணக்கை எனக்கும் ஓதிவிட்டான். மூன்று இலக்கம். முதலாவது பட்டாளத்தில் எந்தக் கம்பெனி, நடுவில் இருப்பது அதில் எந்தப் பிரிவு, கடைசி எத்தனையாவது வண்டி. நடுவில் சைபர் இருந்தால் அது தளபதி வண்டி. இந்தக் கணக்கை ஆபீசிலும் அமல்படுத்தினான். நான் இரண்டாவது செக்‌ஷன், முதல் வரிசை, நாலாவது நாற்காலி. ஆகையால் 214. என் சைக்கிள் மட்கார்டில் பெயிண்டால் எழுதியே விட்டான். ஹெட்கிளார்க் ஆசையாக வந்து, "எனக்கு என்னய்யா நம்பர்? 201-ஆ?" என்று கேட்டார். "உங்களுக்கு நம்பர் கெடையாது சார். நீங்க சாமான் ஏத்திட்டு வர்ற லாரி" என்றான். 201 யாருக்கு என்று நான் கேட்டேன். "அது என்ன கேக்கறவனுக்கெல்லாம் குடுக்கற நம்பரா?" என்று முறைத்தான்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒருமுறை அவன் அம்மா வந்தார். கட்டிலுக்கடியில் எட்டு டாங்கி, எட்டிலும் கறுப்புச் சிலுவை. "அடப்பாவி, வேதத்துல சேந்து கிறிஸ்தவனாயிட்டியா?" என்று ஒரு பாட்டம் அழுதார். அது ஜெர்மன்காரன் அடையாளம் என்று நான் விளக்கியதும் அழுகை இரட்டிப்பானது. ஏற்கெனவே ஐந்து வரன்கள் இந்தக் கட்டிலுக்கடியைப் பார்த்துவிட்டுத்தான் ஓடியிருந்தன. டாங்கிக்கு வயது முப்பத்து நாலு. அம்மா மூக்கைச் சிந்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சிதம்பரத்துல ஒரு பொண்ணு இருக்குது. இதுவும் தட்டிப்போச்சின்னா, இந்த வண்டி அத்தனையும் வீராணம் ஏரியிலதான்."

டாங்கி நடுங்கிப்போனான். ஐந்து பெண்கள் போனதற்கு அவன் அப்படி நடுங்கவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் நான் அவனைச் சத்தியம் செய்யவைத்தேன். "டாங்கின்னு வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்."

"மூச்சு வுடமாட்டேன் மச்சான்."

கீழ வீதிப் பக்கத்துச் சந்தில் பெண் வீடு. அப்பா இல்லாத பெண். சித்தப்பாதான் வரவேற்றார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. டாங்கி வாயே திறக்கவில்லை. பஜ்ஜிக்கு மட்டும் திறந்தான். "பையன் ரொம்ப அடக்கம்" என்றார் சித்தப்பா. டாங்கியின் அம்மா முகத்தில் நிம்மதி. நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பெண் காபித் தட்டோடு வந்தாள். டாங்கி சட்டென்று எழுந்து நின்றான். மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவன் அவளைத் தாண்டிப் போனான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தான். பெண் பார்க்க வந்தவன் பையில் பூதக்கண்ணாடி!

சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ. பெண்ணின் அப்பா பட்டாளத்தில் இருந்து ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டை போட்டவராம். பிடிபட்ட ஜெர்மன் டாங்கி ஒன்றின் மேல் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார். டாங்கியின் மேல்கூண்டுப் பக்கவாட்டில் நம்பர். முதலில் நாலு, கடைசியில் ஒன்று. நடுவில் அவருடைய கால், இலக்கத்தின் ஒரு ஓரம்தான் தெரிந்தது.

"பெரியவரு முழங்கால்தான் எடஞ்சலா இருக்குது" என்றான் டாங்கி.

இறந்துபோனவரின் முழங்காலைப் பற்றி, அவர் வீட்டுக் கூடத்தில், அவர் தம்பியிடம். சித்தப்பா எழுந்துவிட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார், ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பெண் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவனை இழுத்துப்போடத்தான் நான் ஓடினேன். ஓடியவன் சும்மா இழுத்திருக்கலாம். ஸ்டூலில் தொற்றி ஏறி, கண்ணாடி வழியாக நானும் ஒருதரம் பார்த்துத் தொலைத்தேன்.

"ரெண்டு மாதிரி தெரியுதுடா" என்றேன். என் வாயில் அந்த நேரம் பார்த்து எந்தச் சனி புகுந்ததோ!

"ரெண்டுன்னா கீழ கோடு தெரியணுமே மச்சான். ஒன்னா, மூணா..."

"மொதல்ல ரெண்டு பேரும் எறங்குங்கய்யா" என்று சித்தப்பா கத்தினார்.

"அது சைபருங்க."

உள்ளேயிருந்து வந்த குரல். பெண் ஒரு பழைய கவரோடு வாசற்படிக்கு வந்தாள். "இன்னொரு படம் இருக்குது. இதுல அப்பா கீழ உக்காந்திருக்காரு. நம்பர் நல்லாத் தெரியும்."

டாங்கி ஸ்டூலிலிருந்து இறங்கிய வேகத்தில் ஸ்டூல் ஒரு பக்கம் போயிற்று. "நானூத்தி ஒன்னு! தளபதி வண்டி! உங்க அப்பா சாதாரண வண்டி மேல நிக்கலீங்க, கம்பெனித் தளபதி வண்டி மேல நிக்கிறாரு!"

அவள் கண் நிறைந்துவிட்டது. "அப்பாவும் இதத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. வீட்டுல யாரும் நம்பல. அவரு போனதுலேந்து அந்தப் படத்த யாரும் நின்னு பாத்ததுகூட இல்ல." சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ... பொண்ணப் புடிச்சிருக்குதா, தம்பி?"

"இன்னும் மொகத்தப் பாக்கலீங்க" என்றான் டாங்கி, போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா புடிச்சிருக்கு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். பூதக்கண்ணாடி கையிலிருந்து கீழே விழுந்தது.

தை மாசம் கல்யாணம். பெண் வீட்டுக்கு அவன் கொண்டுபோன சீர், அந்த வருஷம் மாமா அனுப்பிய ஒரே ஒரு டாங்கிதான். 401 என்று எழுதி அவள் அப்பா படத்துக்குக் கீழே வைத்தான். வைத்தபோது அவன் அம்மாதான் சூடம் ஏற்றினார். மற்ற எட்டும் வீராணம் போகாமல் பிழைத்தன.

கல்யாணம் முடிந்து ஆபீஸ் வந்த அன்று சாயங்காலம் நான் சைக்கிளை எடுக்கப் போனேன். மட்கார்டில் பெயிண்ட் ஈரமாக இருந்தது. 214 போய், 201.

"எதுக்குடா?" என்றேன்.

"அன்னைக்கி என்னை இழுத்துக் கீழ போடாம, ரெண்டு மாதிரி தெரியுதுன்னு சொன்னியே மச்சான்" என்றான்.

அந்த சைக்கிள் இப்போது ஓடுவதில்லை. பழைய சாமான்காரர் வரும்போதெல்லாம் அதைக் கேட்கிறார். தளபதி வண்டி, கொடுப்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.